ஒரு கோடு தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

ரயில் ஓட்டக் கற்கும் என் தங்கத்துக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, எதிர் வீட்டு நர்ஸம்மா எழுதுகிறாள். நானும் உன் மகளும் சுகம். போனில் உன் குரலைக் கேட்டால் சிட்டு அரை நாள் வாசற்கதவைவிட்டு நகர்வதில்லை. காகிதமே போதும் என்று நீ சொன்னது சரிதான்.

சேதியைக் கேள்! இன்று காலை சிட்டு டம்ளரில் பால் குடித்தாள்! பாதி வாய்க்குள், பாதி என் மடியில். இருந்தாலும் குடித்தாள்!

பால்புட்டியை மறக்கடிக்க ஒரு வழி பிடித்திருக்கிறேன். நாற்பது வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவனுக்குத் தின்னர் கலந்து இளக்கத் தெரியாதா? புட்டியில் போட்டிருக்கும் எண்கள் எனக்குத் தெரியாது, கோடுகள் தெரியும். மொத்தம் எட்டுக் கோடு. மே இருபத்து நாலு, சனிக்கிழமை ஆரம்பித்தேன். ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரு கோடு பால் குறையும், ஒரு கோடு தண்ணீர் ஏறும். இன்றோடு மூன்று கோடு தண்ணீர். டம்ளரில் மட்டும் எப்போதும் முழுப்பால். திருட்டுத்தனம் எதுவும் இல்லை, தண்ணீரை ஊற்றுவதே அவள்தான். "புட்டிக்குத் தண்ணி, டம்ளருக்குப் பால்" என்று பாட்டுப் பாடிக்கொண்டே ஊற்றுகிறாள்.

நர்ஸம்மாவுக்கு இந்த வழி சம்மதம்தான். ஆனால் எழுதும்போதே திட்டுகிறாள்: "ஒரு வயசுலயே டம்ளருக்குப் பழக்கியிருக்கணும் பெரியவரே. மூணு வயசு ஆகப்போகுது, பல்லு என்னத்துக்கு ஆகும்?" அவள் திட்டினதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா (கைநாட்டு)


ஜூன் 9, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

டம்ளர் சேதியைப் படித்துவிட்டு விடுதியே அதிரக் கத்தினேன். பாடம் எடுக்கும் சார் விபத்து ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்!

ஆனால் ஐந்து நாளைக்கு ஒரு கோடு என்று போய், கடைசியில் வெறும் தண்ணீரையும் அவள் சப்பிக்கொண்டிருந்தால் என்ன செய்வது அப்பா? ஜூலை பதினாலு, திங்கட்கிழமை சிட்டுவைப் பள்ளியில் விடவேண்டும். புட்டி கேட்கிற பிள்ளைக்கு இடமில்லை என்று தலைமை டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு முதல் ஷிஃப்ட். பதினாறாம் தேதி உங்களுக்குக் கண் ஆபரேஷன். உங்கள் மாப்பிள்ளை கப்பலைவிட்டு இறங்க நவம்பர் ஆகும். பள்ளியில் இடம் போனால் என் வேலையும் போகும்.

என் அறைத்தோழி ஒரு வழி சொன்னாள். புட்டி ரப்பரில் கசப்பு மருந்தைத் தடவிவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடுமாம். தடவிவிடுங்கள். இரண்டு வயதில், ஒரே நாளில், தானாகவே புட்டியைத் தள்ளிவைத்த ராணி என்று என்னை ஊரெல்லாம் சொல்லுவீர்களே, அந்த ராணியின் மகளுக்கு மட்டும் ஏன் இத்தனை பிடிவாதம்?

உங்கள் மகள்


ஜூன் 13, வெள்ளி

அம்மாடி,

கசப்பு தடவமாட்டேன். நீ கோபித்தாலும் சரி.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நர்ஸம்மா இதை எழுதமாட்டேன் என்று இரண்டு தரம் பேனாவை வைத்துவிட்டாள். "உங்க பொண்ணு மனசு கஷ்டப்படும் பெரியவரே" என்றாள். "கஷ்டப்படட்டும், எழுதும்மா" என்றேன்.

உனக்கு அப்போது இரண்டு வயது நாலு மாதம். உன் அம்மா வயிற்று ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். புதன்கிழமை. மூன்று மாடிக் கட்டடம், ஏழு மணிக்குச் சாரத்தில் ஏறியாக வேண்டும். நீ புட்டி கேட்டு என் முழங்காலைக் கட்டிக்கொண்டாய். கை நிறைய வேலை, தலை நிறையக் கவலை. வயிற்றுப் பூச்சிக்கு என்று உனக்கு வாங்கி வைத்திருந்த கசப்பு மருந்தை விரலால் தொட்டு ரப்பரில் தடவினேன்.

ஒரு இழுப்பு இழுத்தாய். அழவில்லை. புட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அதைத் தரையில் நிறுத்தி வைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் ஆறு நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தால் குடித்தாய்.

உன் அம்மா வீட்டுக்கு வந்ததும், "புட்டி எங்கே?" என்றாள். நீ வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "தானா விட்டுட்டாடி! ஒரே நாள்ல! ராணி!" அவள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க மறுநாளும் அதையே சொன்னேன். அப்புறம் சாரத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். உன் கல்யாணத்தில் சம்பந்தியிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பொய் பளபளப்பாகிவிட்டது.

இன்றோடு ஐந்து கோடு தண்ணீர். ஏறவேண்டியது மூன்றுதான்.

அப்பா (கைநாட்டு)


ஜூன் 30, திங்கள்

அப்பா,

பதினைந்து நாளாக எழுதவில்லை. கோபம்தான். கசப்பு தடவியதற்காக இல்லை. அது எனக்கு ஞாபகமும் இல்லை.

சிட்டுவுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, "உன் வயசுக்கு நான் எப்படி இருந்தேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் தினம் ஒருதரமாவது சொல்லியிருப்பேன். ஒருநாள் துணி அலமாரிக்குள்ளிருந்து சப்புச்சப்பென்று சத்தம் வந்தது. திறந்தால், என் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து புட்டி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் புட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வெட்கம் வந்தது. என் வயிற்றில் இப்படி ஒன்று பிறந்ததே என்று. இல்லாத ஒரு ராணியோடு அந்தப் பிள்ளையை நிறுத்தி அளந்திருக்கிறேன் அப்பா.

இன்றைக்கு இதை எழுதக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு பெட்டி! முழுசாக! நானே ஓட்டி, மேடையில் கோட்டுக்கு நேராக நிறுத்தினேன்! பக்கத்தில் இருந்த சார், "பிரேக்கை ஒரேயடியா போடாம, கொஞ்சம் கொஞ்சமா போட்டிங்களே, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார். சிரித்தேன். தேறிவிட்டேன் அப்பா!

இறங்கியதும் முதல் வேலையாகத் தலைமை டீச்சருக்குப் போன் போட்டேன். புட்டியோடுதான் வருவாள், சேர்க்க முடியாது என்றால் வேறு பள்ளி பார்க்கிறேன் என்றேன். "ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார். ஆகவே அவசரமே இல்லை. சிட்டுவிடம் என் பெயரால் ஒன்று சொல்லுங்கள்: அம்மா ஒரே நாளில் விடவில்லை.

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன்.

உங்கள் மகள்


ஜூலை 7, திங்கள்

பன்னிரண்டு பெட்டி ஓட்டிய மகளே!

நர்ஸம்மாவை மாடிப்படியிலேயே நிறுத்தி உன் கடிதத்தைப் படிக்கவைத்தேன். கீழ் வீடு, மேல் வீடு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். நீ தேறின சேதிக்கு இஸ்திரிக் கடைக்காரன் விசில் அடித்தான்!

சிட்டுவிடம் சொன்னேன். "அம்மா ஒரே நாள்ல விடலைடி."

"அழுதாளா?"

"அழலை. தாத்தாதான் அதுல கசப்பு தடவி ஏமாத்திட்டேன்."

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். "தப்பு தாத்தா."

"தப்புதான்."

"சாரி சொன்னீங்களா?"

உன்னிடம் அதைத்தவிர எல்லாம் சொல்லியிருக்கிறேன். நர்ஸம்மா சிரிக்காமல் எழுதுகிறாள் பார்: சாரிடா கண்ணு.

இனி பெரிய சேதி. போன மாதம் இருபத்தெட்டாம் தேதியே எட்டுக் கோடும் தண்ணீர். அதையும் விடாமல் ஐந்து நாள் சப்பினாள். வியாழக்கிழமை மத்தியானம் புட்டியை என்னிடம் நீட்டினாள். "இதுல ஒண்ணும் இல்ல தாத்தா. நீங்க குடிங்க." குடித்தேன்! பல்லில்லாத வாய்க்கு அது என்னமாய்ப் பொருந்துகிறது தெரியுமா! "தாத்தா பாப்பா! தாத்தா பாப்பா!" என்று கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். அதோடு சரி. இன்றோடு நாலு நாள், கேட்கவே இல்லை!

சனிக்கிழமை நீ வந்ததும், சிட்டு புட்டியை எப்படி விட்டாள் என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்கு எதுவும் மறக்காது, உனக்கே தெரியும். ஆனால் என் வாயை நம்பாதே. ஒரு சபை கூடினால் அது அழகாக்கிவிடும். அதனால் நர்ஸம்மாவைத் தெளிவாக எழுதச் சொல்லியிருக்கிறேன். பத்திரமாக வை. சிட்டு பெரியவளாகி, அவளுக்கொரு பிள்ளை பிறந்து, யாராவது ராணி கதை ஆரம்பித்தால் எடுத்துப் படித்துக் காட்டு:

சிட்டு பால்புட்டியை விட நாற்பத்தோரு நாள் ஆனது. அதில் பதினோரு நாள் அழுதாள். இரண்டு நாள் தாத்தாவைக் கடித்தாள்.

அப்பா (கைநாட்டு)