அண்டாவின் உள்பக்கம்

நல்லம்பள்ளி,
ஞாயிறு மாலை.

பாசமுள்ள சின்னப்பராஜ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பிளசி எழுதுவது. ஓசூரில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா சுகம். தோட்டத்தில் அவரை பூத்திருக்கிறது. எனக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்தது. நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால், "அழுவாத கண்ணு, மாமன் இருக்கறன்" என்று நீங்கள் முடித்துவிடுகிறீர்கள். போன முறையும் அப்படித்தான் ஆனது. நான் பாதி சொன்னேன், மீதியை அழுதேன். நீங்கள் அழுகையை நம்பிவிட்டீர்கள். காகிதத்தில் எழுதினால் கடைசிவரை படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவின் மூன்றாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அப்பா சாமியாரிடம் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. பூசை முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. அதைப் பற்றி எழுதுவதற்கு முன் அந்தப் பாத்திரங்களைப் பற்றி எழுத வேண்டும்.

அம்மா கல்யாணத்துக்கு நீங்கள் எல்லாரும் சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவும் இரண்டு குண்டான்களும் எத்தனையோ காலமாகப் பரணில்தான் கிடந்தன. அப்பா ராஜமேரி அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் அவற்றை யாரும் தொடவில்லை. போன மாதம் ஒரு நாள் நான் படித்துக்கொண்டிருந்தபோது அவர் வாசற்படியில் நின்று, "பாப்பா, உங்கம்மா பாத்திரத்த எறக்கிப் பொழங்கட்டுமா?" என்று கேட்டார். நான் தலை நிமிராமல் "ம்" என்றேன்.

மாமா, இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. கேட்காமல் எடுத்துவிட்டார் என்று சொன்னேன்.

அவர் அவற்றைத் தர்மபுரிக்கு எடுத்துப் போய்க் கொண்டுவந்தார். பிறகு ஒரு மத்தியானம் குண்டானில் அவரைக்காய் புளிக்குழம்பு வைத்து, களி கிண்டினார். வழக்கம்போல நான் ஒரு கையில் புத்தகத்தோடு சாப்பிட உட்கார்ந்தேன். வழக்கம்போல அவரும், "புஸ்தகத்துக்கு ஒரு வாய் ஊட்டிட்டு நீ ஒரு வாய் சாப்புடு பாப்பா, அதுவும் பாவம் எளச்சிப் போச்சு" என்று கேலி செய்தார். நான் ஒரு வாய் வைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அது அம்மா வைக்கும் குழம்பின் ருசி. அதே புளிப்பு, அதே வாசம். இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் கோபம் வந்தது. அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டது போல இருந்தது. ஆனால் என்மேல் கோபப்படாமல் அவர்மேல் கோபப்பட்டேன்.

அடுப்படிக்குப் போய்க் குண்டானுக்குள் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக இல்லை, வெள்ளையாக இருந்தது. அண்டாவும் அப்படியே. அம்மாவின் பித்தளையைக் கடையில் போட்டுவிட்டு, வெளியே மட்டும் மஞ்சளாக இருக்கும் ஏதோ மட்டமான பாத்திரத்தை மாற்றி வாங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். திருப்பிப் பார்த்திருந்தால் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய 'ஜெயராணி' என்ற அம்மாவின் பெயரும் பக்கத்தில் சின்னச் சிலுவையும் தெரிந்திருக்கும். நான் திருப்பிப் பார்க்கவில்லை. அப்பா தோட்டத்துக்குப் போனதும் போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டேன்.

மறுநாளே நீங்கள் குட்டியானை வண்டியோடு வந்துவிட்டீர்கள். தெருவே கூடிவிட்டது. "எங்க அக்கா பாத்திரத்த காயலான் கடைக்குப் போட்டுட்டு வந்தவ" என்று நீங்கள் சத்தம் போட்டபோது அவர் அண்டாவைத் திருப்பி அம்மாவின் பெயரைக் காட்டினார். "ஈயம்தாங்கண்ணா பூசியாந்தன். பூசாம புளி வெச்சா களிம்பு ஏறுமுங்க" என்றார். நீங்கள் பெயரைப் பார்த்தீர்கள். ஒரு நிமிடம் நின்றதும் எனக்குத் தெரியும். ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் உங்களால் திரும்பிப் போக முடியவில்லை என்று நினைக்கிறேன். "எங்க அக்கா பொழங்குனத எவளும் பொழங்க வேணாம்" என்று வண்டியில் ஏற்றிவிட்டீர்கள். அண்டாவைத் தூக்கும்போது அவர் என்னைப் பார்த்தார். பாப்பா கேட்டதற்குச் சரி என்றாள் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பள்ளியில் எங்கள் வேதியியல் ஆசிரியை மலர்விழியிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். வெறும் பித்தளையில் புளியோ மோரோ கொதித்தால் உலோகம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும், வாந்தி வரும், அதனால்தான் உள்ளே ஈயம் பூசுவார்கள், பூசினால் வெள்ளையாகத்தான் இருக்கும் என்றார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பரணில் ஏற்றச் சொன்னதே அம்மாதான். "ஈயம் போயிருச்சு, பூசியாந்துதான் இனி எறக்கணும்" என்று படுக்கையில் கிடந்தபோதும் சொன்னார். அம்மா செய்ய நினைத்து முடியாமல் போனதை இவர் செய்திருக்கிறார். அதையே நான் குற்றமாகச் சொன்னேன். வகுப்பில் எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான்.

இன்னொன்றும் நேற்றுத்தான் தெரிந்தது. இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் பூசினாய் என்று அப்பா அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக்கா நெனவு நாளுக்கு அந்தக்கா அண்டாவுலயே சோறு ஆக்கலாம்னுதாங்க" என்றார். உங்களுக்குச் சேதி சொன்னது யார் என்று அப்பா கேட்டதற்கும், "யாரோ சொன்னாங்க, வுடுங்க" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குண்டானுக்குள் எட்டிப் பார்த்தது வீட்டில் நான் ஒருத்திதான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

நீங்கள் வந்துபோன நாளிலிருந்து அவர் என்னைக் கேலி செய்வதில்லை. "சாப்புட வாங்க" என்கிறார். மாமா, என்னைப் போய் "வாங்க" என்கிறார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். அலுமினியச் சட்டியில் வைத்த குழம்பு. புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. படிக்க முடியவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் அவரை இப்போது குத்திக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தெரசா அத்தை, "என்ன ராஜமேரி, இன்னிக்கு எந்தக் குடத்த மாத்திக்கினு வந்த?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் என் குடத்தோடு அங்கே வரிசையில் நின்றிருந்தேன். அவர் நிரம்பாத குடத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு குழாயடிக்கும் வருவதில்லை, கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

நினைவு நாளுக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கலாம் என்று அப்பா முடிவு செய்திருக்கிறார். "பாத்திரம் கெடந்தா கெடக்குது, அந்தக்கா தம்பி வராம பூசை வெச்சா நல்லா இருக்காதுங்க" என்று அவர்தான் சொன்னார். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

மாமா, நீங்கள் வர வேண்டும். அண்டாவையும் குண்டான்களையும் கொண்டு வர வேண்டும். இருட்டிய பிறகு சத்தமில்லாமல் வந்து இறக்கிவிட்டுப் போக வேண்டாம். தெருவே பார்க்க ஏற்றியதைத் தெருவே பார்க்க இறக்க வேண்டும். உங்களை யாரும் குறை சொல்ல விடமாட்டேன். அவர் என்னிடம் கேட்டுத்தான் எடுத்தார், பொய் சொன்னது நான் என்று தெரசா அத்தை காதிலும் விழும்படி நானே சொல்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். அடி விழுந்தாலும் பரவாயில்லை.

உங்களுக்கும் என்மேல் கோபம் வரும். வரட்டும். அம்மா இல்லாத பிள்ளை என்று மட்டும் மன்னித்துவிடாதீர்கள். அதைச் சொல்லித்தான் இவ்வளவும் செய்தேன்.

வண்டி வந்து நின்றதும் நான்தான் முதலில் உள்ளே ஓடி, "சித்தி, மாமா வந்திருக்காங்க" என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இத்தனை நாளில் அந்த வார்த்தையை ஒரு முறைகூட நான் அவரிடம் சொன்னதில்லை. கொல்லைப்பக்கம் தனியாக நின்று சொல்லிப் பார்க்கிறேன். தொண்டைவரை வருகிறது. நீங்கள் வந்தால் வெளியே வந்துவிடும்.

அத்தைக்கு என் அன்பு. கர்த்தர் உங்களை நல்லபடியாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தலைகுனிவோடு,
உங்கள் பிளசி