சுண்ணாம்புக்குள் தெரியும் நீல எழுத்து

அன்பு மகன் ஒல்வினுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் மருமகள் யெசெனியாவும் குட்டியும் அந்தத் தூர தேசத்தில் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு சாயங்காலமும் ஜெபமாலை முடிவில் மூவர் பெயரையும் சொல்லித்தான் எழுந்திருக்கிறோம். மழை பிந்தினாலும் நன்றாகவே பிடித்துக்கொண்டது, மேட்டுக் காபிச் செடிகளில் நாற்பதுக்கு இலைத்துரு நோய் வந்து வெட்டிப் போட்டேன், மற்றவை தப்பிவிட்டன. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், அதற்காக அடுப்பை விட்டு நகர்கிறவள் இல்லை. குட்டியின் படத்தை மாதா படத்துக்குக் கீழே ஒட்டிவைத்துவிட்டு, "மூக்கு மட்டும் உங்க வீட்டு மூக்கு, பாவம்" என்று தினம் ஒருமுறை சொல்கிறாள். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவே புகுந்து, பரவாயில்லை அப்பா என்று என்னைக் காப்பாற்றிவிடுவாய். இதில் முடியாது.

மூன்று வாரத்துக்கு முன் நீ கூப்பிட்டபோது சந்தோஷத்தில் உன் குரலே மாறியிருந்தது. உன் மாமனார் தோன் ரூபென் அல்லேலூயாச் சபைக்காரர், குழந்தைக்கு நம் கத்தோலிக்கக் கோவிலில் ஞானஸ்நானம் கொடுக்க மூன்று மாதமாக மறுத்துவந்தவர். பூசையில் தரும் நற்கருணை அப்பத்தில் ஆண்டவர் இருக்கிறார் என்பதெல்லாம் அப்போஸ்தலருக்கு முந்நூறு வருஷம் கழித்து ராஜாக்கள் சேர்த்த கதை என்று அவர் சொன்னதற்கு, நான் சொல்லிக்கொடுத்த பழைய ஆயரின் வாசகத்தைப் பக்க எண்ணோடு எடுத்துவிட்டதாகச் சொன்னாய். அதற்கு அவர், "அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையிலேயே ஒருத்தர் இப்படி எழுதி வெச்சிருக்காருன்னா, நான் குறுக்கே நிக்க மாட்டேன் தம்பி, கூட்டிட்டுப் போங்க" என்றாராம். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளில் என்று தேதியும் குறித்தாயிற்று. எல்லாம் உங்களால்தான் அப்பா என்றாய். நான் போனை வைத்துவிட்டு, அம்மா வைத்த பீன்ஸையும் ரொட்டியையும் தொடாமல் எழுந்துவிட்டேன்.

ஒல்வின், அந்த வாசகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் இட்டுக்கட்டியது.

நடந்ததைச் சொல்கிறேன். தவக்காலத்தில் ஒரு சாயங்காலம், பந்து விளையாடும் மைதானத்துக்கு அந்தப் பக்கமுள்ள ஜெபக்கூடத்தில் பாஸ்டர் நஹூன் ஒலிபெருக்கியில் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தான். உனக்கு நினைவிருக்கும், மூன்றாம் வகுப்பில் என்னிடம் முன்வரிசையில் உட்கார்ந்தவன். அவனும் அந்த முந்நூறு வருஷக் கதையைத்தான் சொன்னான். இந்தப் பக்கம் நம் கோவிலில் சிலுவைப்பாதைக்கு வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். பூசை வைக்கச் சாமியார் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருகிறார். மற்ற ஞாயிறுகளில் வாசகம் வாசிப்பதும் விளக்கம் சொல்வதும் இருபத்திரண்டு வருஷமாக நான்தானே, பதிலும் நான்தான் சொல்ல வேண்டும். நம் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னேன். யோவான் ஆறாம் அதிகாரத்தைச் சொன்னேன், அதுவரை சரி. அதை நாங்களும்தான் படிக்கிறோம் வாத்தியாரே, அர்த்தம் வேற என்று அங்கிருந்து பதில் வந்தது, அந்தப் பக்கம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. சிங்கங்களுக்கு இரையாகக் கொண்டுபோகப்பட்ட அந்த ஆதிகால ஆயர் எழுதினார் என்று ஆரம்பித்தேன். அவர் இதைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார் என்று எப்போதோ ஒரு பயிற்சியில் கேட்டது மட்டும் மங்கலாக நினைவிருந்தது, சொற்கள் வரவில்லை. வாய் தானாக ஒன்றைச் செய்துகொண்டது: "அப்பத்தைப் பார்க்கிறவன் ஆண்டவரைப் பார்க்கிறான், வெறும் அப்பம் என்கிறவன் இன்னும் கண் திறக்காதவன்." பக்கம் நூற்றுப் பதினான்கு என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது, நம் ஆட்கள் கைதட்டினார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்குள் நம் இளைஞர்கள் அதைக் கோவில் சுவரில் நீல வண்ணத்தில், ஆயர் பெயரோடு எழுதிவிட்டார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னைத்தான் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். ஒரு கால்புள்ளியைத் திருத்தினேன்.

அதைவிட மோசம் பிறகு நடந்தது. நஹூன் ஒருநாள் வீட்டுக்கே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வாத்தியாரே, அந்தப் புத்தகத்தை ஒரு வாரம் குடுங்க. நான் சொன்னது தப்புன்னா நானே மைக்ல சொல்லிடறேன்" என்றான். கரையான் அரித்துவிட்டது என்றேன். வகுப்பில் விடையைத் தெரிந்துகொண்டு கணக்கின் வழியைப் பொய்யாக எழுதுகிற பையன்களுக்கு நான் என்ன செய்வேன் என்பது உனக்கே தெரியும், உனக்கும் ஒருமுறை செய்திருக்கிறேன். விடை சரி, வழி பொய், மதிப்பெண் சுழி. அந்தச் சுழியை எனக்கு நானே போட்டுக்கொள்ளாமல் மூன்று மாதம் கோவிலில் நிமிர்ந்து நின்றேன். உன் போன் வந்திராவிட்டால் இன்னும் நின்றிருப்பேன். எனக்குச் சரியாக வெட்கம் வந்தது, முகம் தெரியாத ஒரு நேர்மையான மனிதர் என் பொய்க்குத் தலைகுனிந்தார் என்று கேட்டபோதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். மாவைத் தட்டிக்கொண்டே, "காப்பியடிச்ச பிள்ளைங்களை முட்டி போட வெச்சீங்களே, அதுங்களாவது பக்கத்துல இருந்ததைப் பார்த்து அடிச்சுதுங்க" என்றாள். பிறகு அழுதாள். சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்தேன். எந்த மைக்கில் சொன்னேனோ அதே மைக்கில் சொல்ல வேண்டும் என்பதுதான் தண்டனை. இரண்டு நாள் கழித்து அவரே இதற்கென்று மறுபடி மலையேறி ஒரு புத்தகத்தோடு வந்தார். அந்த ஆயர் கடைசிப் பயணத்தில் எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. மகனே, அங்கே இருக்கிறது. நற்கருணையைப் பற்றி அவர் நிஜமாகவே எழுதியிருக்கிறார், என் வாக்கியத்தைவிட எளிமையாக, அதைவிட உறுதியாக. ஒரு பேருந்து ஏறிப்போய்க் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். உண்மை அலமாரியில் இருக்க நான் அதற்குப் பொய்யால் முட்டுக்கொடுத்தேன்.

நேற்று ஞாயிறு ஒலிபெருக்கியில் சொன்னேன். நஹூன் தன் பக்கத்துப் பாட்டை நிறுத்திவிட்டிருந்தான், அதனால் ஊர் முழுக்கக் கேட்டது.  முடித்ததும், பீடத்துக்குப் பூ வைக்கிற தோன்யா த்ரான்சிதோ எழுந்தாள். "அப்போ இத்தனை வருஷமா சொன்ன பாக்கியெல்லாம், வாத்தியாரே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இனி புத்தகத்தைத் திறந்து காட்டாமல் எதையும் சொல்லமாட்டேன், பக்கத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையை ஆட்டினாள், நம்பினாளா தெரியவில்லை. இன்று காலை நஹூன் வந்து, முந்நூறு வருஷம் என்றதைத் தானும் எங்கும் படித்ததில்லை, யாரோ சொன்னார்கள், சொன்னேன் என்றான். எனக்கு அதில் ஆறுதல் வரவில்லை. அவனுக்கு எழுத்தறிவித்தவனும் நான்தானே. சுவருக்கு இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தாயிற்று, நீலம் இன்னும் தெரிகிறது.

இப்போது உன் பங்கு. ஞானஸ்நானத்துக்குப் பிறகல்ல, முன்னால், தோன் ரூபெனின் வீட்டுக்கே போய்ச் சொல். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகிவிட்டது என்று எனக்காகப் பூசி மெழுகாதே. பொய் சொன்னார், அதை நான் உங்களிடம் கொண்டுவந்தேன் என்று சொல். அவர் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், தேதியைத் தள்ளிவை, வாதாடாதே. யெசெனியா உன்மேல் கோபப்பட்டால் அதையும் கேட்டுக்கொள். உண்மையான வாசகத்தைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் இந்த உறையில் வைக்கவில்லை. ஒரு பொய்யைத் திருப்பி வாங்கும்போது கையில் இன்னொன்றை நீட்டினால் அது பேரம் ஆகிவிடும். அவர் மனசாரக் கேட்டால் மட்டும் எனக்கு எழுது, புத்தகத்தையே அனுப்பச் சாமியாரிடம் கேட்கிறேன். கேட்காவிட்டால் அது என்னிடமே இருக்கட்டும்.

பிதா சுதன் பரிசுத்த ஆவி உங்கள் மூவரையும் காக்கட்டும், குட்டியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்துவிடு, அதற்குத் தோன் ரூபென் தடை சொல்லமாட்டார். கூரை வேலையில் இடுப்புக் கயிறு கட்டாமல் ஏறாதே என்று அம்மா இரண்டு தடவை எழுதச் சொன்னாள். கட்டிக்கொள், கட்டிக்கொள்.

உன் அப்பா,
எலியோதோரோ