அளவு ஜாக்கெட்

அன்புள்ள அக்கா,

மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று நேற்று பீரோவைக் குடைந்தேன். அடியில் அந்தப் பழைய மெரூன் ஜாக்கெட் கிடைத்தது. முழங்கை தாண்டி நீளும் கை, வழவழவென்று நைலான் லைனிங், போர்டில் எழுதக் கையைத் தூக்கினாலும் மேலே ஏறாதபடி விளிம்பில் இறுக்கமான பட்டை. பாச்சை உருண்டை வாசனையோடு அதை விரித்ததும் மேலப்பாளையத்தில் உங்கள் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

உங்களிடம் முதல் தடவை வந்தபோது அளவுக்கென்று அதைத்தான் கொண்டுவந்தேன். மற்றவர்கள் அளவு ஜாக்கெட் கொடுப்பது வேலை சுலபமாகட்டும் என்று. நான் கொடுத்தது யாரும் என் கையைத் தொட்டுவிடக் கூடாது என்று. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைப் பார்த்துவிட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டதை நான் மறக்கவே இல்லை. நீங்களோ ஜாக்கெட்டை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“இது பழைய அளவு டீச்சர். எனக்கு இப்ப உள்ள அளவுதான் வேணும். கையை நீட்டுங்க.”

வேறு வழியில்லாமல் நீட்டினேன். போட்டிருந்த ஜாக்கெட்டின் பட்டையை ஏற்றியதும் செதில்கள் உங்கள் மேஜையில் உதிர்ந்தன. “வேர்க்குரு” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். நீங்கள் டேப்பைச் சுற்றிவிட்டு, விரலால் அந்த இடத்தைப் பைய தடவினீர்கள். டாக்டரைத் தவிர வெளியாள் விரல் படாத இடம் அது.

“வேர்க்குருவாம்லா! எங்க மாமிக்கும் இருந்துச்சு, சோரியாசிஸ். ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா பட்டை இறுக்குத இடத்துல கோடு போட்ட மாதிரி வந்திருக்கே, பாத்தியளா? மறைக்கப் போட்ட துணிதான் அதை வளக்குது.”

அந்த வாரமே டாக்டரிடம் கேட்டேன். உரசலும் கீறலும் படும் இடத்தில் புதிதாகக் கிளம்பக்கூடும் என்றார். கண்டுபிடித்தது என் தையல்கார அக்கா என்றதும் சிரித்துவிட்டார்.

பிறகு எனக்கென்று லைனிங் இல்லாத பருத்தியில், பட்டை வைக்காமல், தளர்வாகத் தைத்தீர்கள். தைத்த துணியை வாங்க வந்தால் விசாரணைதான். “குளிச்ச ஈரத்தோட களிம்பு தேய்க்கியளா? பேப்பர் திருத்துத மாசம் ஒழுங்கா தூங்குதியளா? சொரியாதீய, நகத்தை வெட்டுங்க.” வகுப்பில் எல்லாரையும் மிரட்டும் நான் உங்கள் முன்னால் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையாக நிற்பேன்.

ஒரு வருடம் தோல் நன்றாகத் தெளிந்தது. மருந்தை நானாகவே நிறுத்தினேன். முதுகு வரை ஏறிவிட்டது. உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

“டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிச்சிருமாக்கும்?” என்று முதலில் ஏசினீர்கள். பிறகு தலையைத் தடவி, “வரும், போவும் டீச்சர். நம்ம பாத்துக்கிடுவோம்” என்றீர்கள்.

என் வியாதிக்கு ‘நம்ம’ என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள். அதற்காகவே உங்களை நினைத்து இன்றும் கண் கலங்குகிறது.

உங்களுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒவ்வொரு தடவையும் டேப்பை முழங்கைக்கு மேலே நிறுத்தி, “அரைக்கை வச்சிரட்டா?” என்பீர்கள். “அடுத்த தடவை அக்கா” என்பேன். பதினோரு வருடம் அதையே சொன்னேன். உங்களைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், மருந்து ஏற்றிய கையால் என் ஜாக்கெட் கையை இழுத்துக் காட்டிச் சிரித்தீர்கள். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

நேற்று மாலை அந்த மெரூன் ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு தச்சநல்லூரில் புதிதாகத் திறந்திருக்கும் கடைக்குப் போனேன். சின்னப் பெண் ஒருத்தி தைக்கிறாள். “அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கியளா?” என்றாள்.

பைக்குள் கையை விட்டேன். துணி விரலில் பட்டது. அப்படியே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

“கையிலயே எடும்மா. சோரியாசிஸ்தான், ஒட்டாது.”

அவள் ஒரு நிமிஷம் டேப்பைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. பிறகு பக்கத்தில் வந்து டேப்பைச் சுற்றினாள்.

“எங்கன வரைக்கும் வைக்கட்டும்?”

முழங்கைக்கு மேலே விரலை வைத்துக் காட்டினேன், அக்கா.