வெப்கேமராவும் விருதுநகர் சம்பந்தியம்மாவும்

விஸ்வநத்தம்
ஆவணி மாதம், 2008

அன்பு மகன் பிரபாகரனுக்கு அம்மா சின்னத்தாய் எழுதுவது. இங்கே நான், உங்க அய்யா, தங்கச்சி மாரிசெல்வி மூணு பேரும் மாரியம்மன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கனடாவில் நீயும் மருமகள் இசைவாணியும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. தீபாவளி ஆர்டர் நெருக்குவதால் அய்யாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் ஞாயிறுகூட லீவு இல்லை. போர்மேன் என்று பெயர்தான், முட்டிவலியோடு நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறார், எண்ணெய் தேய்க்க வா என்றால் கோபம் வருகிறது. மழையைக் காணோம். மாரிசெல்வி காலேஜ் போகிறாள், வீட்டில் ஒரு தட்டைக் கழுவ மாட்டேன் என்கிறாள், நீ கொஞ்சம் கண்டித்துச் சொல்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். ஞாயிறு சாயங்காலம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நீ வாங்கித் தந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். நீ வாயைத் திறப்பாய், திறந்த வாய் திறந்தபடியே நிற்கும், பேச்சு மட்டும் எங்கோ போய்க்கொண்டிருக்கும். நெட்டு ஸ்லோம்மா, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிடுவாய். ரெண்டு வருஷமாகப் பெற்ற பிள்ளை முகத்தை நான் முழுசாகப் பார்க்கவில்லை. உன் மாமியார் டீச்சரம்மாவுக்கு மட்டும் நீ பளிச்சென்று தெரிகிறாயாம். மல்லாங்கிணறு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு இடது தாடையில சவரம் பண்ணையில வெட்டி ஒரு தழும்பு விழுந்திருக்கு, பாத்தீகளா மதினி என்று ஊரே கேட்கக் கேட்கிறாள். பார்த்தேன் பார்த்தேன் என்று பொய் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாத தழும்பு அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சோறு இறங்குமா எனக்கு?

கேமராதான் கோளாறு, கடையில ஏமாத்திட்டான் என்று அய்யா சொன்னார். மருமகள் தன் அம்மாவுக்கு ஒசத்திக் கேமரா அனுப்பியிருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். அதையும் பார்த்துவிடுவோம் என்று போன வாரம் நம் கேமராவைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சேவும் கருப்பட்டி மிட்டாயும் கொடுக்க வந்ததாகச் சொல்லி விருதுநகர் போனேன். அவர்கள் கம்ப்யூட்டரில் நம் கேமராவைச் சொருகினால், ஆத்தாடி, என் மூக்குத்திக் கல்கூடத் தெரிகிறது, ஒரு தடங்கல் இல்லை. அப்போதுதான் டீச்சரம்மா சொல்கிறாள், எங்க வீட்லயும் இப்பிடித்தான் நின்னு நின்னு வந்துச்சு மதினி, மாப்பிள்ளைதான் அரைமணி நேரம் போன்ல ஒண்ணொண்ணாச் சொல்லிக் குடுத்துச் சரிபண்ண வச்சாக, உங்களுக்குச் சொல்லலையாக்கும் என்று. ஏலே, அவளுக்கு அரைமணி நேரம், எனக்கு மட்டும் நெட்டு ஸ்லோவா? டீச்சருக்குத்தான் விளங்கும், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற எனக்கு விளங்காது என்று நினைத்தாயா?

மானத்தை விட்டு எனக்கும் காட்டுங்கள் என்றேன். மை கம்ப்யூட்டரில் வலது பக்கப் பட்டனை அமுக்கி உள்ளே போய், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி என்று இருக்கும் இடத்தைத் திறந்தால் பவர் என்று ஒரு பக்கம் வருகிறது. சும்மா கிடந்தால் கரண்டை மிச்சம் பிடிக்க இதை அணைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு கட்டம், அதில் இருந்த டிக்கை அவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். டிக் இருந்தால் கேமராவும், நெட்டு வருகிற யூஎஸ்பி மோடமும் பாதித் தூக்கத்தில் கிடக்குமாம், எடுத்துவிட்டால் முழித்துக்கொள்ளுமாம். நம் வீட்டில் அதை யார் போட்டது தெரியுமா, உங்க அய்யா! கம்ப்யூட்டர் மாட்ட வந்த கடைக்காரரிடம், சும்மா கெடக்குற வயர்ல கரண்டு நிக்கக் கூடாதுப்பா, வேலை இல்லாட்டா அம்புட்டும் தானா அணையணும், அப்பிடிப் போட்டுரு என்று பக்கத்திலேயே நின்று சொல்லியிருக்கிறார். வெடிமருந்தோடு காலம் தள்ளியவர், கேமராவையும் மருந்து ரூம் என்று நினைத்துவிட்டார். நான் வந்து டிக்கை எடுத்ததற்கும், பத்திக்கிட்டா யாரு பாக்குறது என்று சண்டை.

போன ஞாயிறு நீ தெளிவாக வந்தாய். தழும்பைப் பார்த்தேன், ராசா. கொஞ்சம் இளைத்துப்போயிருக்கிறாய். வைக்கவே மனசில்லாமல் பேசினோம். அத்தை வீட்லதாம்மா இப்பப் படம் நிக்குது, டிக்கையும் எடுத்தாச்சு, என்னன்னே தெரியல என்று நீ சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. மருமகள் பக்கத்தில் நின்றாள். இப்போது சொல்கிறேன். விருதுநகர் போன அன்றைக்கு டீச்சரம்மா காப்பி போட அடுப்படிக்குப் போனாள். நான் மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்து டிக்கைப் போட்டுவிட்டு, காப்பியையும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். ஆமத்தூர் தாண்டும்போது செய்தது தப்பு என்று பட்டது, ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பொறாமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவளுக்கும் நீ பிள்ளை மாதிரிதான், சரி. எனக்கு நீ பிள்ளை மாதிரி இல்லையே, பிள்ளை.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி தயிர் சாப்பிடாதே, சவரம் பண்ணும்போது பதறாதே. இருவரும் நூறு வயசு ஒற்றுமையாக இருக்க அந்த மாரியம்மன் காப்பாள். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு டிக்கை எடுக்கச் சொல், யார் போட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே. போனில் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே சரிபண்ணியிருப்பாய். தபால் கனடா வந்து சேர ரெண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ரெண்டு ஞாயிறும் எனக்கு வேண்டும், அதனால்தான் கடுதாசி.

உன்னைப் பெற்ற அம்மா,
செ. சின்னத்தாய்