பெட்டியைச் சுமந்தபோது பார்த்த கைக்கடிகாரம்

தராஸ்,

நேற்று உன் சித்தப்பாவை அடக்கம் செய்தபோது அருகில் நின்றவர்கள் நான், ஹாலியா அத்தை, பாதிரியார் ரோமன், உன்னோடு சவப்பெட்டி சுமந்த நெஸ்டர். நீ கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததை எல்லாரும் கண்டோம். "சித்தப்பனைப் புதைக்கிறதுக்குள்ள துரைக்கு என்ன அவசரமோ!" என்றாள் அத்தை. காரில் நான் கத்தியபோது, "மணி பாக்கலப்பா, நெஞ்சுத் துடிப்பைத்தான் பாத்தேன்" என்றாய். நான் நம்பவில்லை.

காலையில் சாஸ்கடூன் நகரிலிருந்து இதய மருத்துவர் அழைத்தார். நேற்றைய துடிப்பை உன் கைக்கடிகாரச் செயலி அவருக்கு அனுப்பியிருக்கிறது. சித்தப்பாவுக்கு இருந்த அதே கோளாறாக இருக்கலாம் என்கிறார். இன்றே வரச் சொன்னார். நீ தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. கார் ஓட்டாதே. மதியம் நெஸ்டர் வந்து அழைத்துப் போவான். போர்ஷ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடி.

நான் தேவாலயக் கூடத்துக்குப் போய்விட்டு நேரே மருத்துவமனைக்கு வருகிறேன்.

அப்பா

படியில் பனி வழுக்கும், பார்த்து இறங்கு. கைக்கடிகாரத்தைக் கழற்றாதே.

அத்தை சொன்னதைத்தான் கூடத்தில் எல்லாரும் பேசுகிறார்களாம். அங்கே சொல்லத்தான் போகிறேன்: என் மகன் மணி பார்க்கவில்லை. துடிப்பு எகிறுவதைப் பார்த்தும் அவன் பெட்டியை விடவில்லை.