ஓட்டு வீட்டுக்காரியின் பெட்டிசம்

இன்று காலை என் படலைக்கு முன்னால் வண்டியில் கொண்டுவந்து சல்லிக்கல் பறித்தார்கள். எங்கள் ஒழுங்கைப் பாதைக்குப் போடப்போகிறார்களாம். வெள்ளைத் தூசி எழும்பி வீட்டுக்குள்ளும் வந்தது. சுண்ணாம்பு மாதிரி ஒரு மணம். திருத்திக்கொண்டிருந்த பிள்ளைகளின் கொப்பிகளை மூடி வைத்தேன். நீ வேலை முடிந்து வந்து என் கிணற்றடியில் கால் கழுவும்போது உன் சேலையில் இந்த மணம்தான் இருக்கும். நீ போய் இந்த மாசியோடு ஒரு வருடம். உன்னோடு கதைக்கவேண்டும் போல இருந்தது. அதுதான் எழுதுகிறேன்.

நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் இங்கிலீசும் படித்து அங்கேயே படிப்பிக்க நின்றுவிட்டேன். நீ தமிழ் வகுப்போடு நின்று, மலாயாவில் றப்பர்த் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவரைக் கட்டினாய். அவர் அனுப்பிய காசில், சாவகச்சேரிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், உனக்குக் கல்வீடு எழும்பியது. கூரைக்குச் சிவப்பு ஓடு போட்ட நாளில் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு உன் பெயரைச் சொல்லுவார் குறைவு. 'மலாயாக்காரற்றை பெண்சாதி' என்றுதான் சொல்வார்கள்.

பிறகு றப்பர் விலை விழுந்தது. உனக்கும் பிள்ளைகளுக்கும் வரும் மணியோடர் முதலில் பிந்தியது, பிறகு நின்றது. நீ எனக்குக்கூடச் சொல்லவில்லை. உன் கழுத்தில் சங்கிலி இல்லாததை நான் கண்டேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் நீ படலையைத் திறந்துகொண்டு வந்தபோது, அரிசி கேட்க வருகிறாய் என்று நினைத்துக் குசினிப் பக்கம் எழும்பினேன்.

"இரடி. நான் அரிசிக்கு வரேல்லை. இங்கிலீசிலை ஒரு பெட்டிசம் எழுதித் தா" என்றாய்.

அன்றுதான் எல்லாம் சொன்னாய். தோட்டத்தில் ஆட்குறைப்புச் செய்து அவரை நிற்பாட்டிவிட்டார்கள். ஊரில் ஒருவருக்கும் சொல்லவேண்டாம், வேறு வேலை தேடுகிறேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் வந்து ஏழு மாதமாகியிருந்தது. அரசாங்கம் அப்போது வேலையில்லாதவர்களுக்கென்று நிவாரண வேலை தொடங்கியிருந்தது. தெருவுக்குக் கல் உடைப்பது, மண் நிரப்புவது, அப்படியான வேலைகள். ஊருக்கு அரசாங்கத் தலைமைக்காரரான விதானையார் பதிந்து கொடுத்தால்தான் இடம் கிடைக்கும். அவர் உன்னைப் பதிய மறுத்துவிட்டார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி அவரிடம் போனாய்.

"பிள்ளை, உது வேலையில்லாத ஆக்களுக்கு. உம்மடை மனுசன் மலாயாவிலை உத்தியோகம்" என்றார் விதானையார்.

"அவருக்கு இப்ப உத்தியோகம் இல்லை."

"அதுக்கு அத்தாட்சி? அதோடை, ஓட்டு வீட்டிலை இருந்துகொண்டு நிவாரணம் கேட்டால் ஆர் நம்புவினம்?"

"ஓட்டை அவிச்சுத் தின்னேலாது, விதானையார்."

அவர் கூடாத மனிதர் இல்லை. ஆனால் ஓட்டு வீட்டுக்காரியைப் பதிந்தால் மற்றவர்கள் தன்னைக் கேள்வி கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு. மேலே எழுதிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல இங்கிலீசெல்லாம் அந்தப் பெட்டிசத்தில் போட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. மனுதாரர் கண்ணியமான, வசதியுள்ள குடும்பத்தவர் என்பது அவருடைய மனுவிலிருந்தே தெரிகிறது, ஆகையால் அவருக்கு இடமில்லை என்று இரண்டு வரி. நான் வாசித்துச் சொல்ல, நீ கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாய்.

"நீ எழுதினதின்ரை பிரதி இருக்கே? தமிழிலை சொல்லு. ஒரு வரியும் விடாதை."

சொன்னேன். 'ஊரில் மதிப்புள்ள, நல்ல நிலையிலிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவள்' என்ற வரி வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உதை ஆர் எழுதச் சொன்னது?"

"உன்ரை மானத்துக்காக எழுதினனான்" என்றேன்.

"என்ரை மானத்துக்கு இல்லை. உன்ரை சிநேகிதி கல்லுடைக்கப் போறாள் எண்டு உனக்கு வெக்கம்."

நீ கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் சுடுகிறது. நீ சொன்னது உண்மை. எங்கள் ஆட்கள் அதுவரை செய்யாத வேலை அது. நீ வெயிலில் தெருவோரம் குந்தியிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் கூச்சம் பேனைக்குள்ளால் இறங்கி, உன் பிள்ளைகளின் சாப்பாட்டை மறித்துவிட்டது.

இரண்டாம் பெட்டிசத்தை நீ சொல்லச் சொல்ல எழுதினேன். வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, பிள்ளைகள் எத்தனை நேரம் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். அத்தாட்சிக்கு உன் கணவருக்கும் எழுதினாய். வேலையிலிருந்து நிற்பாட்டியதென்று தோட்டத்தில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னாய். "நீங்கள் அங்கே வேலை போனதை ஒளிக்கிறீர்கள். நான் இங்கே பசியை ஒளிக்கிறேன். எனக்கு இனி ஏலாது" என்று நீ எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாய். கப்பலில் கடிதம் போய்ப் பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. தோட்டத்துத் துரையின் கடிதம் மட்டும் உறைக்குள் இருந்தது. அவர் கைப்பட ஒரு எழுத்தும் இல்லை. நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு, "அனுப்பிப்போட்டார். அது காணும்" என்றாய்.

விசாரணைக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கந்தோருக்கு வரச்சொன்னார்கள். சாவகச்சேரி ஸ்ரேசனில் கோச்சி ஏறினோம். கந்தோர் விஷயங்களில் தலையிடவேண்டாமென்று பள்ளிக்கூடத்தில் எனக்கு முதலே சொல்லிவைத்திருந்தார்கள். நான் துணைக்கு மட்டும், பின்னால் போட்டிருந்த வாங்கில் இருந்தேன். விசாரித்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு முதலியார். விதானையாரும் வந்திருந்தார்.

வீட்டில் என்ன சமைக்கிறீர் என்று துரை கேட்டார்.

"விடிய ஒடியல் மாக் கூழ். பின்னேரம் ஏதும் இருந்தால் பிள்ளையளுக்கு. எனக்கு இல்லை" என்றாய்.

முதலியார் அதை இங்கிலீசில், குடும்பம் சற்றுச் சிரமத்தில் இருக்கிறதாம் என்று சொன்னார். உன்னை அவமானப்படுத்தக்கூடாதென்று அவர் நினைத்திருக்கலாம். நான் செய்த பிழையையேதான் அவரும் செய்தார். நான் எழும்பினேன். "மன்னிக்கவேண்டும், அவ சொன்னது அதில்லை" என்று இங்கிலீசில் தொடங்கி, கூழையும், பின்னேரத்தையும், 'எனக்கு இல்லை' என்பதையும் சொல்லுக்குச் சொல் சொன்னேன். முதலியாரின் முகம் கறுத்தது. துரை என்னை இருக்கச் சொல்லி மறிக்கவில்லை. விதானையாரின் பக்கம் திரும்பி, இவருடைய குசினியைப் பார்த்தீரா என்று கேட்டார்.

"படலையடியிலை நிண்டு வீட்டைப் பாத்தனான், ஐயா" என்றார் விதானையார்.

துரை கடைசியாக உன்னைக் கேட்டது, கல்லுடைக்க உம்மால் முடியுமா என்று.

"அதுக்குத்தான் வந்தனான்" என்றாய்.

பதில் வரப் பத்து நாள் சென்றது. உன் பெயர் பதிவில் ஏறியிருந்தது. முதல்நாள் நீ சம்மட்டியோடு போனபோது ஒழுங்கையில் பலர் வந்து நின்றார்கள். நீ குடையும் பிடிக்கவில்லை, தலையில் முக்காடும் போடவில்லை. நானும் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிப் போகாமல், உன்னோடு அந்தத் தெருவாலேயே போனேன். கந்தோரில் வாய் திறந்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் கண்டித்தார்கள். ஆனால் வேலையால் நிற்பாட்டவில்லை. அந்த மாதமே இன்னும் இரண்டு மலாயாக்காரர் வீட்டுப் பெண்கள் இருட்டுப்படுகிற நேரம் பார்த்து என்னிடம் பெட்டிசத்துக்கு வந்தார்கள். "பகலிலை வரச்சொல்லு" என்றாய் நீ.

உன் கணவர் அடுத்த வருடம் வந்தார். மெலிந்து, ஒரு தகரப் பெட்டியோடு. உன் கையைப் பார்த்தவர், மறுநாள் விடிய உனக்கு முதல் எழும்பிச் சம்மட்டியை எடுத்துக்கொண்டு போனாராம். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். பிறகு அவர் புகையிலைத் தோட்டம் வைத்தார், நீங்கள் நிமிர்ந்தீர்கள். போன மாசியில் உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரியில் நான் நின்ற கடைசிநாள் நீ என்னை அடையாளம் கண்டாயா என்று எனக்குத் தெரியாது.

இப்போது மலாயாவை யப்பான்காரன் பிடித்து வைத்திருக்கிறான். காசும் இல்லை, கடிதமும் இல்லை. அங்கே இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களோ என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. உதவிப்பணம் கேட்டு எழுதவென்று பெண்கள் என்னிடம் வருகிறார்கள், பகலில்தான். எழுதி முடித்ததும் முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். அவர்கள் வெட்டச் சொன்ன வரியை வெட்டுகிறேன். என் கூச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எழுதும்போது அதை அடையாளம் காணமட்டும் பழகியிருக்கிறேன்.

கச்சாயிலிருந்து ஒருத்தி வருகிறாள். மூன்று பிள்ளைகள். மலாயாவிலுள்ள கணவன் உழைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டு இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கப்பல் ஓடாத கடலைத் தாண்டி அத்தாட்சி எப்படி வரும் என்பதை மூன்றாம் மனுவின் முதல் வரியாகப் போடச்சொன்னது அவள்தான். நாளைக்கு விசாரணை. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் விடிய ஐந்து மணிக்கு ஸ்ரேசனுக்கு வந்து நிற்பாள், நானும் அதற்கு முதல் போய்விடவேண்டும்.