கம்பிவலை லாரி

ஸ்ட்ராத்வியர்
9 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்கா,

அபர்டீன் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்காலில் தோல் மட்டும் இல்லை.

நேற்று என்னை முதல் அணியில் இறக்கினார்கள். கடைசி இருபது நிமிடம்தான், ஆனால் கோல் அடித்தேன். மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டினேன். கோல்கீப்பரின் கைக்கு அடியில் நழுவி உள்ளே போனது. அழகான கோல் என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷமாக ஆட்டம் முடிந்த பிறகு படிக்கட்டுகளைக் கூட்டிப் பெருக்கியும், பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டியும் காலம் போனவனுக்கு அது போதும்.

இங்கே எல்லோருக்கும் ஒரே குளியல் தொட்டி. புதியவன் கடைசியில் இறங்க வேண்டும். அதற்குள் தண்ணீர் ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வந்துவிடும். மேலே புல், பிளாஸ்திரி, யாரோ துப்பியது. கேப்டன் ஆர்ச்சி அதில் கழுத்துவரை உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார். "எறங்குடா, கோல் அடிச்சவனுக்குன்னு சூப்பு வெச்சிருக்கோம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன்.

அப்பா வரவில்லை. மறியலுக்குப் போகும் வேனில் இடம் கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருந்தார். கிடைக்கவில்லை போலிருக்கிறது. சுரங்க வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அவரை நான் பார்த்ததே இரண்டு தடவைதான். வீட்டு போனை வெட்டிவிட்டார்களாம். நான் தங்கியிருக்கும் டெவ்லின் அம்மாள் வீட்டில் போன் கூடத்தில் இருக்கிறது, அந்த அம்மாளும் எந்நேரமும் கூடத்தில்தான் இருக்கிறாள். அதனால்தான் கடிதம். ஊருக்குப் போனால் கோலைப் பற்றி நீயே அப்பாவிடம் சொல். பெரிதுபடுத்திச் சொன்னாலும் பரவாயில்லை.

உன் தம்பி
இன்னஸ்


அபர்டீன்
24 செப்டம்பர் 1984

அன்புள்ள இன்னஸ்,

உன் கோலுக்கு வாழ்த்து எழுதத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கார்ன்மூரில் நம் வீட்டுக்குப் போய் வந்த பிறகு அந்த வாழ்த்து வர மறுக்கிறது.

அம்மா கொல்லைக் கதவை வெட்டி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். சுரங்கக்காரன் வீட்டில் எரிக்க நிலக்கரி இல்லை. மேசைமேல் செய்தித்தாள் கிடந்தது. அதில் நீ ஒரு லாரியின் படியில் ஏறி நின்று, கக்கத்தில் பந்தும் தூக்கிய கட்டைவிரலுமாகச் சிரிக்கிறாய். பக்கத்தில் உங்கள் கிளப் தலைவர் கில்கிறிஸ்ட். லாரியின் முன்கண்ணாடியை மூடிக் கம்பிவலை.

அந்த வலை எதற்கு என்று தெரியாமலா அங்கே நின்றாய்? வேலைநிறுத்தத்தை உடைத்து நிலக்கரி ஏற்றிப்போகும் லாரிகளுக்குத்தான் அந்த வலை. மறியல்காரர்கள் எறிகிற கல் கண்ணாடியில் படாமல் இருப்பதற்கு. கில்கிறிஸ்டின் லாரிகள் அவை, அந்த ஆள் வயிறு வளர்ப்பது அதில்தான். கல்லெறிகிறவர்களில் நம் அப்பாவும் ஒருவராக இருக்கலாம், நான் கேட்டதில்லை.

"படத்தப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து பின்பக்கம் போனார். நான் பஸ் ஏறும்வரை திரும்பி வரவில்லை. உன் பெயரைக் கேட்டாலே எழுந்து போகிறார் என்று எடுத்துக்கொள்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சிரிக்காமலாவது நின்றிருக்கலாம்.

அக்கா
ஷீனா


ஸ்ட்ராத்வியர்
21 அக்டோபர் 1984

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள்.

வலையைப் பார்த்தேன். சாலையில் சரளைக்கல் தெறிக்கும், அதற்காக என்று நினைத்தேன். சத்தியமாக. படம் எடுத்து முடித்ததும் ஆர்ச்சியிடம் கேட்கவும் கேட்டேன். "கொசு வராம இருக்கத்தான்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

நேற்று சுரங்க ஊர்கள் நிறைந்த ஃபைஃப் பக்கம் ஆட்டம். கேட்டுக்கு வெளியே சுரங்கக் குடும்பங்களுக்காகக் காசு திரட்ட வாளி ஏந்திக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். வாம்-அப் செய்ய வந்ததிலிருந்தே "கருங்காலி! கருங்காலி!" என்று ஒரே கூச்சல். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த ஈவர் மாமாவின் குரல் அதில் எனக்குத் தனியாகக் கேட்டது. "ஏறுடா லாரில! ஒங்கப்பன் மேல ஏத்துடா!" நான் எல்லைக்கோட்டருகே நின்றபோது யாரோ பாதி தின்ற மட்டன் பஃப் ஒன்றை எறிந்தார்கள். சரியாகப் பிடரியில் விழுந்தது. கொழுப்பு சட்டைக்குள் முதுகெலும்பு வழியாக இறங்கியது. அந்த நேரம் பார்த்துப் பந்து வந்தது. ஓடினேன், அடித்தேன், கோல். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் அடித்ததில்லை. யாரும் கட்டிப்பிடிக்க வருவதற்குள் சட்டையை உருவி முதுகைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பா நிஜமாகவே என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா?

உன் தம்பி
இன்னஸ்


கார்ன்மூர்
27 டிசம்பர் 1984

இன்னஸ்,

இந்தக் கடிதத்தை நம் வீட்டுச் சமையலறையிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு நம் தெருவுக்குள் ஒரு லாரி வந்தது. கம்பிவலையோடு. இந்த வருஷம் அப்படி ஒரு வண்டியை இந்தத் தெரு பார்த்ததில்லை. எல்லாக் கதவும் திறந்தது. டிரைவர் நம் வாசலில் நிறுத்தி, ஹார்ன் அடித்து, "கால்பிரெய்த் வீடு இதானே? கிளப் தலைவர் குடுத்துவிட்டாரு, ஹாப்பி கிறிஸ்துமஸ்" என்று ஒரு பெரிய கூடையை இறக்கி வைத்தான். வான்கோழி, விஸ்கி, கேக், பிஸ்கட் டின்.

ஆட்டக்காரர்களின் வீட்டுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் கூடை அனுப்புவது உங்கள் கிளப்பின் வழக்கமாம். எனக்கு இப்போதுதான் தெரியும். தெருவுக்குத் தெரியாது. கால்பிரெய்த் வீட்டுக்குக் கில்கிறிஸ்டின் லாரி வந்தது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

அப்பா கூடையைத் தூக்கினார். லாரி திரும்புவதற்குள் நடுத்தெருவில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அது அங்கேயே கிடந்தது. இந்தத் தெருவில் மார்ச்சிலிருந்து எந்த வீட்டிலும் முழுசாக ஒரு வேளை இறைச்சி இல்லை, ஆனாலும் ஒரு கை அதைத் தொடவில்லை. மழை பெய்தது. வான்கோழி நீலம் பாரித்தது. கிறிஸ்துமஸ் அன்று ஈவர் மாமாவின் நாய் வாய் வைத்தபோது அவர் அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து, "கருங்காலி நாயே!" என்று உதைத்தார். நேற்று அம்மா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள், நாற்றத்துக்காக என்றாள். இன்று காலை முனிசிபல் வண்டி வாரிக்கொண்டு போனது. தெருவில் அந்த இடம் இன்னும் பிசுபிசுக்கிறது.

விலாசம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

ஷீனா


ஸ்ட்ராத்வியர்
6 ஜனவரி 1985

அன்புள்ள அக்கா,

நான்தான் கொடுத்தேன். அலுவலகத்தில் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். எந்த வண்டியில் போகும் என்று யோசிக்கவில்லை. அம்மா இறைச்சி சாப்பிடுவாள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

இன்னொன்று. கில்கிறிஸ்ட் எனக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் நீட்டியிருக்கிறார். இங்கிலாந்திலிருந்து ஒரு கிளப்பின் ஆள் இரண்டு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "கையெழுத்துப் போடு, கோடைக்குள்ள நீ எங்கயோ இருப்ப" என்கிறார் மேனேஜர். போடாவிட்டாலும் நான் அவர்களுடைய ஆள்தான், அது உனக்குத் தெரியவேண்டும். என் பதிவு அவர்கள் கையில். அவர்களாக விடுவிக்காமல் நாட்டில் வேறு எந்தக் கிளப்பும் என்னைத் தொட முடியாது. ஆகவே இங்கே ஆடலாம், அல்லது ஆடாமல் இருக்கலாம். மூன்றாவது வழி இல்லை.

எனக்கு இது ஒன்றுதான் தெரியும் அக்கா. படிப்பு உன்னிடம் போய்விட்டது. நான் என்ன செய்யட்டும்?

இன்னஸ்


அபர்டீன்
11 ஜனவரி 1985

அன்புள்ள இன்னஸ்,

கேட்டதனால் சொல்கிறேன். போடாதே.

நீ அடிக்கிற ஒவ்வொரு கோலும் அந்த மனிதனுக்கு விளம்பரம். உன்னை விற்றால் அந்தப் பணத்தில் இன்னும் நாலு லாரி வாங்குவான், அவையும் அப்பாவைத் தாண்டித்தான் போகும். ஆட்டம் வேறு, லாரி வேறு என்று உன் மேனேஜர் சொல்வார். வயிற்றைக் குமட்டுகிற எல்லாவற்றையும் மனிதர்கள் அப்படிப் பிரித்து வைத்துத்தான் விழுங்குகிறார்கள். பதினெட்டு வயதில் ஒரு வேலையை விடுவது உலகம் முடிவதல்ல. நம் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் நீ திரும்பிப் போவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்
அக்கா


கார்ன்மூர்
3 பிப்ரவரி 1985

அக்கா,

போடவில்லை. "எங்க வீட்ல ஒத்துக்கமாட்டாங்க சார்" என்றேன். கில்கிறிஸ்ட் கோபப்படவில்லை. பேனாவை மூடி, "அப்ப வீட்லயே இரு" என்றார். அவ்வளவுதான். ஆர்ச்சி என் பூட்ஸை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். துடைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னடா, கால்ல அடியா?"

"இல்லப்பா. விட்டுட்டேன்."

"எத விட்டுட்ட?"

"கிளப்ப. கில்கிறிஸ்டுக்கு ஆடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

சந்தோஷப்படுவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். "யாருடா ஒன்னக் கேட்டது?" என்றார்.

"அக்காதான்..."

"அவ என்ன, மறியல்ல நிக்கிறாளா? இந்த வீட்ல வேலைக்குப் போகாம ஒருத்தன் குந்தியிருக்கேனே, பத்தாதா?"

கூடையைச் சொன்னேன். "வான்கோழி அவன் குடுத்தது. கோலு நீ அடிச்சது. ரெண்டும் ஒண்ணாடா?" என்று கத்தினார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும்.

என் படத்தைப் பற்றிக் கேட்டபோது எழுந்து போனீர்களாமே என்றேன். முதலில் அவருக்கு நினைவே வரவில்லை. பிறகு, "அன்னிக்கா? சங்கத்து மன்றத்துல இலவசமா ஊத்துற அந்த டர்னிப் கெழங்கு சூப்பக் குடிச்சு ரெண்டு நாளா வயிறு போச்சுடா. கக்கூஸுக்குப் போனேன். பொண்ணுகிட்ட அதையெல்லாமா சொல்லிக்கிட்டிருப்பாங்க?" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் அப்பா ஈவர் மாமா வீட்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து ஆட்ட முடிவு கேட்பாராம், இவ்வளவு நாளும். ஈவர் மாமா என்னைத் திட்டுவாராம், இவர் கோலை எண்ணுவாராம்.

இன்னஸ்


அபர்டீன்
10 மார்ச் 1985

அன்புள்ள இன்னஸ்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத எனக்கு வரவில்லை. அப்பாவின் மௌனத்தை நான் தவறாகப் படித்திருக்கலாம். கில்கிறிஸ்டைத் தவறாகப் படிக்கவில்லை. நான் சொன்னது சரி என்றே இன்னும் நினைக்கிறேன்.

வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தியில் கேட்டேன். ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறார்கள். உன் பதிவு விஷயமாக இங்கே ஒரு வக்கீலிடம் பேசினேன். வழக்குப் போட்டால் சில வருஷம் ஆகுமாம். அதற்குள் நீ இங்கே வந்து என்னோடு தங்கிப் படிக்கலாம். ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது.

அம்மா என் கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. சுகமாகத்தானே இருக்கிறாள்?

அக்கா


கார்ன்மூர்
21 ஏப்ரல் 1985

அக்காவுக்கு,

அம்மா சுகம்.

அப்பா போன மாதம் பேக்பைப் வாசிப்போடு ஊர்வலமாக வேலைக்குத் திரும்பினார். இப்போது சுரங்க வாசலில் லாரிகளுக்கு நிலக்கரி நிரப்புகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். யாருடைய லாரிகள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஷிப்டுக்கு எத்தனை நிரப்பினாலும் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுக் கையை மோந்து பார்க்கிறார்.

நான் கில்கிறிஸ்டிடம் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை. அலுவலக வாசலில் காலையிலிருந்து நிற்கவைத்தார். உள்ளே கூப்பிட்டபோது பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். "வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?" என்றார். "ஒத்துக்கிட்டாங்க சார்." கையை நீட்டினார். ஈரமாக, பிஸ்கட் தூளோடு இருந்தது. குலுக்கினேன். ஒப்பந்தத்தில் மூன்று வருஷம் ஐந்தாகிவிட்டது. இங்கிலாந்து ஆள் இப்போது வருவதில்லை.

நேற்று ஆடினேன். கோல் இல்லை. ஒரு தடவை கம்பத்தில் பட்டது.

எனக்கு இதெல்லாம் எவ்வளவு குமட்டுகிறது என்று உனக்கு எழுதத் தேவையில்லை, நீ இன்னும் நன்றாக எழுதுவாய். உன்னிடம் கோபம் இல்லை. நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் உன் கடிதம் வந்தால் பிரிப்பதற்கு முன்னால் கை கழுவவேண்டும்போல் இருக்கிறது. என் கை அழுக்கு என்று தோன்றுகிறது. அந்த எண்ணத்தோடு என்னால் ஓட முடியாது. அறைக்கு நன்றி. இனி எழுதவேண்டாம்.

ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் வாசலில் வீட்டார் பெயருக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைப்பார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒன்று அப்பா பெயரில், ஒன்று உன் பெயரில். நேற்று உன் பெயரை அடித்துவிட்டு அம்மா பெயரை எழுதச் சொன்னேன். அம்மாவுக்குப் பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்றே தெரியாது. எதிரணியின் கோலுக்கும் எழுந்து நின்று கை தட்டினாளாம். அப்பா அவள் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாராம்.

இப்படிக்கு
இன்னஸ் கால்பிரெய்த்